வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு நலவாழ்வு ஆப் ஆய்வு: எந்தக் காகிதம் முதலில், எது அப்புறம்

சர்க்கரை நோயால் பார்வை குறைந்தவர்கள் தங்கள் சர்க்கரை அளவையும் மருந்து நேரத்தையும் தமிழில் காதால் கேட்டே பார்த்துக்கொள்ள ஒரு ஆப். அதைச் செய்து, அது உண்மையிலேயே பயன்படுகிறதா என்று ஆய்வு செய்வதுதான் எங்கள் திட்டம். நாங்கள் தென் மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி, கூட்டாளி பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகம். முதல் மின்னஞ்சல் போனதிலிருந்து முதல் பங்கேற்பாளர் கையெழுத்துப் போடும் வரை 19 மாதம் ஆனது. அதில் ஏழெட்டு மாதம் வீணானதற்கு ஒரே காரணம், எந்த வேலையை எதற்கு முன்னால் செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை.

சட்டம், விதி எல்லாம் இணையத்தில் தனித்தனியாகக் கிடைக்கும். வரிசைதான் கிடைக்காது. அதனால் இதை எழுதுகிறேன். உங்கள் ஆய்வு பேச்சுப் பயிற்சி பற்றியதாக இருக்கலாம், மனநலம் பற்றியதாக இருக்கலாம், சக்கர நாற்காலி பற்றியதாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டில் மனிதர்களை வைத்து, வெளிநாட்டுக் கூட்டாளியோடு செய்கிறீர்கள் என்றால் பெரும்பாலும் இதே வழிதான்.

1. யாருக்காகச் செய்கிறீர்களோ முதலில் அவர்களிடம் போங்கள்

இதை முன்மொழிவு எழுதுவதற்கு முன்பே செய்யுங்கள். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. நிதி கிடைத்து, ஆப்பின் முதல் வடிவமும் தயாரான பிறகுதான் பார்வையற்றோர் சங்கம் ஒன்றின் மூலம் ஏழு பேரைச் சந்தித்தோம். அதில் ஓர் அம்மா, ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர், போனைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு திரையில் விரலை மெதுவாக இழுத்தார். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டின் டாக்பேக் "அன்லேபில்டு, பட்டன்", அதாவது பெயரில்லாத பொத்தான், என்றது. அடுத்ததிலும் அதுவே. மூன்றாவதிலும் அதுவே. "தம்பி, மூணுக்கும் ஒரே பேரத்தான சொல்லுது, எத அமுக்க?" என்று கேட்டார்.

சர்க்கரை கூடினால் சிவப்பு, சரியாக இருந்தால் பச்சை என்று வைத்திருந்தோம். அது அவருக்கு எதற்கும் உதவவில்லை. "மி.கி." என்று சுருக்கி எழுதியிருந்ததைக் குரல் எழுத்தெழுத்தாகப் படித்தது. 5/6 என்ற தேதி ஆறில் ஐந்து என்ற பின்னம் போலக் கேட்டது. திரையில் பாதியை மாற்ற வேண்டியிருந்தது. அப்படி மாற்றியதால் ஆய்வுத் திட்டம் மாறியது, திட்டம் மாறியதால் ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு மறுபடி போனோம். அந்த ஒரு தவறு இரண்டரை மாதத்தைத் தின்றது.

ஆகவே முன்மொழிவு எழுதும்போதே, எந்த மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கான ஆய்வோ அவர்களில் இரண்டு பேரையாவது ஆலோசகராகச் சேருங்கள். பெயர் போட்டுச் சேருங்கள், மதிப்பூதியத்தோடு சேருங்கள். இலவசமாக வந்து கருத்துச் சொல்லிவிட்டுப் போகச் சொல்வது நியாயம் இல்லை.

எங்கே தேடுவது? உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சங்கங்களின் விவரம் கேட்கலாம். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிப்மெட் நிறுவனமும், ஐஐடி மெட்ராஸில் சக்கர நாற்காலி போன்ற கருவிகளை உருவாக்கும் ஆர்2டி2 மையமும் இருக்கின்றன. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர்சேவா சங்கம் இருக்கிறது. வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுப்பதற்கு ஆப் பயன்படுத்தும் அனுபவம் அவர்களுக்கு உண்டு. இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு நாள் போய்விட்டு வந்தால் உங்கள் முன்மொழிவே வேறு மாதிரி ஆகிவிடும்.

2. பணம் எந்தக் கணக்கில் வரும் என்று இன்றைக்கே கேளுங்கள்

பேராசிரியர்கள் பெரும்பாலும் இதைக் கடைசியில்தான் கேட்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து ஆய்வு மானியமாக வரும் பணம் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். உங்கள் கல்லூரியை அறக்கட்டளையோ சங்கமோ நடத்துகிறது என்றால் அந்த அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ பதிவு இருக்க வேண்டும், இல்லையென்றால் இந்த ஒரு மானியத்துக்கு மட்டும் உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி வேண்டும். பதிவு ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும்.

கல்லூரி அலுவலகத்தில் "நம்மகிட்ட எஃப்சிஆர்ஏ இருக்கு" என்று சொன்னால் அதோடு திரும்பி வராதீர்கள். சான்றிதழைக் கையில் வாங்கிக் கடைசித் தேதியைப் பாருங்கள். எங்களிடமும் இருக்கிறது என்றார்கள். அது காலாவதியாகி ஒரு வருடம் ஆகியிருந்தது.

2020 திருத்தத்துக்குப் பிறகு மூன்று விஷயங்கள் கண்டிப்பு. ஒன்று, பணம் முதலில் டெல்லி சன்சத் மார்க்கில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் திறந்த எஃப்சிஆர்ஏ கணக்கில்தான் வர வேண்டும். இரண்டு, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மூன்றாவதுதான் பெரிய கண்ணி: வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. "அவர்கள் கணக்கில் வாங்கி நமக்கு அனுப்பட்டும்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது சட்ட மீறல்.

சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டு, சிஏஜி, அதாவது இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் தணிக்கை கட்டாயமாக உள்ள அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் அரசுப் பல்கலைக்கழகம் என்பதாலேயே விலக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். தணிக்கை யார் செய்கிறார்கள் என்று நிதி அலுவலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பதிவு செல்லுபடியாக இருந்த ஒரு மருத்துவக் கல்லூரியை இந்தியத் தரப்பின் முதன்மை நிறுவனமாகக் கொண்டுவந்துதான் எங்கள் பிரச்சினை தீர்ந்தது. பணம் அவர்களிடமே இருந்தது, செலவையும் அவர்களே நேரடியாகச் செய்தார்கள். நாங்கள் துணை ஆய்வாளர்கள். நோயாளிகள், மருத்துவர்கள், நெறிமுறைக் குழு எல்லாம் அங்கேயே இருந்ததால் அது நல்லதாகவும் ஆனது. பொறியியல் கல்லூரிக்காரர்கள் முதல் நாளிலேயே இப்படி ஒரு கூட்டாளியைத் தேடுவது நல்லது என்பது என் எண்ணம்.

3. ஒப்பந்தம்: இரண்டு காகிதம், ஒன்றல்ல

புரிந்துணர்வு ஒப்பந்தம், எல்லோரும் எம்ஓயு என்பது, பொதுவான நட்புக் காகிதம். துணைவேந்தர்கள் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வது இதற்குத்தான். அதில் பணமும் கிடையாது, தரவும் கிடையாது. உங்களுக்கு உண்மையில் வேண்டியது திட்டத்துக்கான கூட்டாய்வு ஒப்பந்தம். யார் என்ன செய்வது, எவ்வளவு பணம், எப்போது, தரவு யாருடையது, கட்டுரையில் யார் பெயர், ஆப் யாருக்குச் சொந்தம் என்று எல்லாம் அதில்தான் வரும். எம்ஓயு கையெழுத்தாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அனுப்புங்கள்.

எங்களுக்கு இது ஐந்து மாதம் எடுத்தது. அவர்கள் பக்கம் சட்டப் பிரிவு, நம் பக்கம் பதிவாளர் அலுவலகம். நடுவில் அவர்கள் ஒரு நீண்ட கேள்வித்தாள் அனுப்புவார்கள்: மூன்று வருடத் தணிக்கை அறிக்கை, நிறுவனப் பதிவு, ஊழல் தடுப்புக் கொள்கை, பாலியல் துன்புறுத்தல் தடுப்புக் கொள்கை, பாதிக்கப்படக்கூடியவர்களின் பாதுகாப்புக் கொள்கை என்று கேட்பார்கள். கடைசியில் சொன்னது நம் கல்லூரிகள் பலவற்றில் எழுத்தில் இருக்காது. அதை எழுதி நிர்வாகக் குழுவில் ஒப்புதல் வாங்க ஒரு கூட்டம் வரை காத்திருக்க வேண்டும். இப்போதே தொடங்கிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் கவனமாகப் படிக்க வேண்டிய வரிகள்:

- பணம் எப்போது வரும். பல பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் நீங்கள் செலவு செய்து கணக்குக் காட்டிய பிறகுதான் காலாண்டுக்கு ஒரு முறை தரும். அந்த மூன்று மாதத்துக்குக் கள ஊழியர் சம்பளம் எங்கிருந்து வரும்? முன்பணம் கேளுங்கள். கேட்டால் கொடுக்கிறார்கள்.
- எந்த நாணயத்தில். பவுண்டில் பேசி ரூபாயில் செலவு செய்தால் மாற்று விகிதம் மாறும்போது நட்டம் யாருக்கு என்று எழுதியிருக்க வேண்டும்.
- காப்புரிமை. இந்தியாவில் வசிப்பவர் கண்டுபிடிப்பாளராக இருந்தால், வெளிநாட்டில் முதலில் விண்ணப்பிக்க இந்தியக் காப்புரிமைச் சட்டம் பிரிவு 39-ன்படி முன் அனுமதி வேண்டும். இல்லையென்றால் இங்கே விண்ணப்பித்து ஆறு வாரம் கழித்து அங்கே போகலாம். வெளிநாட்டு மாதிரி ஒப்பந்தங்களில் இது இருக்கவே இருக்காது, நாம்தான் சேர்க்கச் சொல்ல வேண்டும்.
- ஆய்வு முடிந்த பிறகு ஆப் யார் சர்வரில், யார் செலவில் ஓடும்.

4. பட்ஜெட்டில் விட்டுப்போகும் செலவுகள்

கணினி, பயணம், சம்பளம் எல்லாம் எல்லோரும் போட்டுவிடுவார்கள். விட்டுப்போவது வேறு.

பங்கேற்பாளரின் போக்குவரத்துச் செலவை அவரோடு வருபவருக்கும் சேர்த்துப் போடுங்கள். பார்வையற்ற ஒருவர் கிராமத்திலிருந்து வந்தால் கூட ஒரு ஆள் வருவார், அவருக்கும் அன்றைய கூலி போகும். ஐசிஎம்ஆரின், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின், 2017 நெறிமுறை வழிகாட்டுதல் பயணச் செலவையும் கூலி இழப்பையும் ஈடு செய்ய அனுமதிக்கிறது. ஆசை காட்டும் அளவுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். எவ்வளவு என்பதை நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே காட்ட வேண்டும்.

காது கேளாதோர் ஆய்வு என்றால் சைகை மொழிபெயர்ப்பாளர் இரண்டு பேருக்குப் பணம் ஒதுக்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒருவரே செய்ய முடியாது, மாறி மாறிச் செய்வார்கள். மொழிபெயர்ப்புச் செலவு இரண்டு மடங்கு: ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு ஒருவர், அந்தத் தமிழை மறுபடி ஆங்கிலத்துக்கு வேறு ஒருவர். போன் கொடுக்கிறீர்கள் என்றால் மாதா மாதம் ரீசார்ஜ். ஆய்வினால் பங்கேற்பாளருக்குப் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவு. ஆண்டுத் தணிக்கைக் கட்டணம். நெறிமுறைக் குழுக் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், வெளிநாட்டு நிதி என்றால் அதிகம் வாங்குவார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. 2024 அக்டோபர் 10 முதல், சட்டப்படி அமைந்த அல்லது வருமான வரிச் சட்டம் பிரிவு 35-ன் கீழ் அறிவிக்கப்பட்ட பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் வாங்கும் ஆய்வு மானியத்துக்கு விலக்கு வந்தது. உங்கள் நிறுவனம் அதில் வருகிறதா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். ஒப்பந்தத்தில் "மானியம்" என்று இருக்கிறதா, "சேவைக்கான கட்டணம்" என்று இருக்கிறதா என்பதும் முக்கியம். ஒரு வார்த்தையால் 18 சதவீதம் வரி வந்து உட்காரும்.

5. நெறிமுறைக் குழு

எத்திக்ஸ் கமிட்டி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் குழு பதிவு பெற்றதா என்பது. 2019-ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, உயிர்மருத்துவ, நலவாழ்வு ஆய்வுகளைப் பார்க்கும் குழுக்கள் சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பொறியியல் கல்லூரியில் உள்ளுக்குள்ளேயே நான்கு பேரை வைத்துப் போட்ட குழுவின் கடிதம் பின்னால் எங்கும் செல்லாது. ஐசிஎம்ஆர் வழிகாட்டுதல்படி குழுவில் 7 முதல் 15 பேர் இருக்க வேண்டும், தலைவர் வெளி ஆளாக இருக்க வேண்டும், கூட்டத்துக்குக் குறைந்தது ஐந்து பேர் வர வேண்டும்.

கொடுக்க வேண்டியவை: ஐசிஎம்ஆரின் பொது விண்ணப்பப் படிவம், இது இலவசமாகக் கிடைக்கும்; ஆய்வுத் திட்டம்; தகவல் தாளும் ஒப்புதல் படிவமும் ஆங்கிலத்திலும் தமிழிலும்; மறுமொழிபெயர்ப்புச் சான்று; கேள்வித்தாள்கள்; எல்லா ஆய்வாளர்களின் தன்விவரம்; ஜிசிபி (மருத்துவ ஆய்வை முறையாக நடத்துவதற்கான நெறிமுறை) பயிற்சிச் சான்றிதழ்; பட்ஜெட்; ஒப்பந்த வரைவு; பங்கேற்பாளரைத் தேடப் பயன்படுத்தும் நோட்டீஸ், வாட்ஸ்அப் செய்தி உட்பட. வாட்ஸ்அப் செய்தியை யாரும் சேர்ப்பதில்லை, அதற்காகவே எங்கள் கோப்பு ஒரு முறை திரும்பி வந்தது.

குழுக்கள் தினமும் கூடுவதில்லை. மாதத்துக்கு ஒரு முறை கூடுகிற இடமும் உண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடுகிற இடமும் உண்டு. கூட்டத் தேதியையும் கோப்பு கொடுக்கும் கடைசித் தேதியையும் உறுப்பினர் செயலரிடம் கேட்டு, அதிலிருந்து பின்னோக்கி உங்கள் வேலையைத் திட்டமிடுங்கள்.

அரசு மருத்துவமனை நோயாளிகள் என்றால் இது மட்டும் போதாது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மருத்துவக் கல்வி இயக்ககம், மாவட்டத் தலைமை, வட்ட மருத்துவமனைகளுக்கு மருத்துவப் பணிகள் இயக்ககம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பொது சுகாதார இயக்ககம் என்று தனித்தனி அனுமதி. வெவ்வேறு அலுவலகம், வெவ்வேறு கோப்பு.

6. ஒப்புதல் படிவம்: இங்கே நேரம் செலவு செய்யுங்கள்

மற்ற எல்லாப் படிகளையும்விட இதில்தான் எனக்கு அக்கறை அதிகம். ஒருவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்று அவருக்கே புரியாமல் செய்கிற ஆய்வு எனக்கு ஆய்வாகவே தெரியவில்லை.

முதல் கண்ணி எழுத்துரு. நம் ஊர் டிடிபி கடைகளிலும் அலுவலகங்களிலும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இன்னும் அடிக்கிறார்கள். பார்க்கத் தமிழாகத் தெரியும். ஆனால் திரையைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடருக்கு அது வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. எங்கள் பார்வையற்ற ஆலோசகருக்கு அப்படி ஒரு பிடிஎஃப் அனுப்பினோம், அவர் கணினியில் உள்ள என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் அதை "எக்ஸ் கியூ ஹாஷ்" என்கிற மாதிரி வாசித்தது. யூனிகோடில் மட்டும் அடியுங்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப்பும் அனுப்பாதீர்கள், அது படம்தான். என்விடிஏ இலவசம், உங்கள் கணினியில் போட்டு, திரையை அணைத்துவிட்டு, உங்கள் படிவத்தை நீங்களே ஒரு முறை கேளுங்கள்.

இரண்டாவது மொழி. "சீரற்ற முறையில் இரு குழுக்களாகப் பகுக்கப்படுவீர்கள்" என்று எழுதியிருந்தோம். ஒருவருக்கும் புரியவில்லை. "சீட்டுக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு இப்போதே ஆப் கொடுப்போம், மீதிப் பேருக்கு ஆறு மாதம் கழித்துக் கொடுப்போம், யாருக்கு எது என்பது எங்கள் கையில் இல்லை" என்று மாற்றினோம். குழுவும் அதை ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது கையெழுத்து. பார்வை இல்லை என்றதும் மை டப்பாவை நீட்டாதீர்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர் போடட்டும், காகிதத்தில் இடத்தை மட்டும் விரல் வைத்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு சம்பந்தம் இல்லாத, படிக்கத் தெரிந்த ஒரு சாட்சி வேண்டும். உங்கள் கள ஊழியர் சாட்சி ஆக முடியாது. தகவல் தாளை முழுவதும் ஒலிப்பதிவு செய்து போனில் அனுப்பி, வீட்டில் கேட்டுவிட்டு இரண்டு நாள் கழித்துச் சொல்லுங்கள் என்று விடுங்கள். காது கேளாதவருக்கு எழுத்துத் தமிழைக் கொடுத்துவிட்டு முடிந்தது என்று நினைக்க வேண்டாம், பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி. சைகைக் காணொளி வேண்டும்.

குழந்தைகள் என்றால் பெற்றோர் ஒப்புதலோடு, 7 வயதிலிருந்து குழந்தையின் இசைவும் வேண்டும்: 12 வரை வாய்மொழியாக, 12 முதல் 18 வரை எழுத்தில்.

7. யாரும் சொல்லாத படி: பிரிவு 6

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 6(2). மாற்றுத்திறனாளி ஒருவரை ஆய்வுக்கு உட்படுத்த, அவருக்கு எட்டும் வடிவத்தில் பெற்ற சுதந்திரமான ஒப்புதல் வேண்டும். அதோடு அரசு அமைக்கும் மாற்றுத்திறன் ஆய்வுக் குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாதவர்கள் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களது பதிவு பெற்ற அமைப்புகளின் உறுப்பினர்களாகவோ இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நெறிமுறைக் குழுவின் அனுமதி இதற்கு ஈடாகாது.

எங்களுக்கு இதைச் சொன்னது எந்த அலுவலகமும் இல்லை, பார்வையற்ற ஒரு வழக்கறிஞர். அதற்குள் பாதி வேலை முடிந்திருந்தது. நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்கும் அதே நாளில், மாநில மாற்றுத்திறனாளிகள் நலத் துறைக்கு ஆய்வுத் திட்டத்தின் தமிழ்ச் சுருக்கத்தோடு ஒரு கடிதம் கொடுத்து, இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு அனுமதி கேளுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதில் தாமதமானால் அதே எண்ணைக் குறிப்பிட்டு நினைவூட்டல் போட வசதி.

இன்னொன்று. தகுதி விதிகளில் "யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) கட்டாயம்" என்று போடாதீர்கள். அட்டை கிடைக்காதவர்கள், அட்டைக்கான முகாமுக்கே போக முடியாதவர்கள்தான் இந்த மாதிரி ஆப் மிக அதிகமாகத் தேவைப்படுபவர்கள்.

8. எச்எம்எஸ்சி

வெளிநாட்டு நிதியோ கூட்டோ இருக்கும் நலவாழ்வு ஆய்வுகள் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்கு, சுருக்கமாக எச்எம்எஸ்சிக்கு, போக வேண்டும். ஐசிஎம்ஆர் மூலம், ஆன்லைனில், இந்தியத் தரப்பு முதன்மை ஆய்வாளர்தான் விண்ணப்பிக்க வேண்டும், வெளிநாட்டுக் கூட்டாளி முடியாது. இந்திய நெறிமுறைக் குழு அனுமதி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறை அனுமதி, ஒப்பந்தம், நிதிக் கடிதம், இரு நாட்டுப் பட்ஜெட் பிரிப்பு, தரவு எங்கே போகிறது என்ற விவரம் எல்லாம் கேட்பார்கள். எங்களுக்கு இரண்டு முறை கேள்வி வந்து நான்கு மாதம் ஆனது.

"எல்லாத் தரவும் ஏன் அங்கே போக வேண்டும், இந்திய ஆய்வாளரின் பங்கு என்ன" என்பதுதான் பெரிய கேள்வி. நாம் வெறுமனே தரவு சேகரித்து அனுப்பும் ஆளாகத் தெரிந்தால் கேள்வி நிற்காது. பகுப்பாய்வில், கட்டுரையில் நம் பங்கைத் தெளிவாக எழுதுங்கள். உங்களுக்கும் அதுதான் நல்லது.

கூட்டாளி இங்கே வந்து களப்பணி செய்யப் போகிறார் என்றால் சுற்றுலா விசாவில் வரக் கூடாது. ஆய்வு விசா என்று தனியே உண்டு. மாதக் கணக்கில் முன்னதாகவே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

9. சிடிஆர்ஐ பதிவு

இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு. ஆன்லைனில் இலவசம். ஆப் கொடுத்து விளைவு பார்க்கும் ஆய்வு என்றால் முதல் பங்கேற்பாளரைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு எண் வந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் பின்தேதியிட்ட பதிவே கிடையாது. சேர்த்துவிட்டுப் போனால் நல்ல இதழ்கள் கட்டுரையைத் தொடக்கூட மாட்டார்கள். விண்ணப்பித்த அன்றே எண் வராது, கேள்வி கேட்பார்கள். எங்களுக்கு மூன்று வாரம். விண்ணப்பத்தில் உள்ள பங்கேற்பாளர் எண்ணிக்கையும் நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த எண்ணிக்கையும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

10. உங்கள் ஆப் மருத்துவக் கருவியா?

மருந்து நேரத்தை நினைவூட்டுவது வேறு, "உங்கள் சர்க்கரை கூடிவிட்டது, இன்சுலினை இவ்வளவு ஏற்றுங்கள்" என்று சொல்வது வேறு. நோயைக் கண்டறியவோ சிகிச்சையைத் தீர்மானிக்கவோ செய்யும் மென்பொருள் மருத்துவக் கருவிகள் விதிகள் 2017-க்குள் வரும். சோதனைக்காக உருவாக்கவே உரிமம் தேவைப்படலாம். இன்சுலின் அளவு சொல்லும் பகுதியை நாங்கள் எடுத்தேவிட்டோம். சந்தேகம் இருந்தால் ஆப்பின் ஒவ்வொரு வேலையையும் ஒரு வரியில் எழுதி, இதில் அனுபவம் உள்ள ஒருவரிடம் காட்டுங்கள்.

11. தரவு

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலுக்கு வருகின்றன. ஆய்வுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்தத் தரவை வைத்து குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி முடிவு எடுக்கக் கூடாது, அரசு சொல்லும் தரத்தையும் பின்பற்ற வேண்டும். எங்கள் ஆப் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எச்சரிக்கை அனுப்புகிறது. அதனால் விலக்கை நம்பாமல் முழுச் சட்டமும் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு செய்தோம்.

பெயர், போன் எண், ஊர் எல்லாம் இந்திய சர்வரில், தனி கோப்பில். வெளிநாட்டுக்குப் போவது அடையாளம் நீக்கியது மட்டும். ஒரு சின்ன கிராமத்தில் 34 வயது, பார்வையற்ற, தறி வேலை செய்யும் பெண் என்றால் பெயர் இல்லாமலேயே ஊருக்கே தெரிந்துவிடும். வயதை வரம்பாக்குங்கள், ஊரை மாவட்டமாக்குங்கள்.

12. களத்துக்குப் போகும் முன் கடைசிச் சரிபார்ப்பு

இந்த வரிசையில் போங்கள்: ஆலோசகர்கள், எஃப்சிஆர்ஏ சான்றிதழ், ஒப்பந்தம், ஆப்பைப் பயனாளிகளோடு சோதித்து இறுதி செய்தல், நெறிமுறைக் குழுவும் பிரிவு 6 கடிதமும் ஒரே நாளில், எச்எம்எஸ்சி, சிடிஆர்ஐ, முதல் பங்கேற்பாளர். ஒப்பந்தமும் ஆப் சோதனையும் ஒரே சமயத்தில் நடக்கலாம். எச்எம்எஸ்சிக்குக் காத்திருக்கும்போது கள ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள், டாக்பேக்கைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பயன்படுத்தும் பயிற்சியும் சேர்த்து. ஒழுங்காகப் போனால் 10, 11 மாதத்தில் முடிக்கலாம் என்று நினைக்கிறேன்.

ஆய்வு முடிந்த பிறகு போன்களைத் திரும்ப வாங்குவதா, அவர்களிடமே விடுவதா என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். நாங்கள் எழுதவில்லை. வெளிநாட்டுப் பணத்தில் வாங்கிய பொருள் என்பதால் அதைச் சரிசெய்ய இரண்டு மாதம் கடிதம் போக்குவரத்து நடந்தது. அந்தச் சத்துணவு அமைப்பாளர் அம்மா அதுவரை வாரத்துக்கு ஒரு முறை போன் செய்து, "தம்பி, இத வாங்கிட்டுப் போயிருவியளா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.